டாங்கிக்கு ஒரு வாகன்

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்து என் மச்சினன் பிரான்சிலிருந்து திரும்பியபோது வலது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. அங்கே சாமான் தூக்கும் கூலிப் பட்டாளத்தில் இருந்தவனைக் குளிர் அப்படிச் செய்துவிட்டது. ராயபுரத்தில் எங்களோடுதான் தங்கினான். காலையில் துறைமுகத்துக்குப் போவான். அந்தக் கையைப் பார்த்தால் மூட்டை தூக்கக்கூட எடுக்க மாட்டார்கள். மத்தியானமே திரும்பி வந்து, மண்ணெண்ணெய் டின்னை வெட்டிக்கொண்டு உட்காருவான். அந்தத் தகரத்தில், சண்டையில் பார்த்த பீரங்கி வண்டி மாதிரியே சின்னதாக ஒரு டாங்கி செய்தான். உள்ளே ஈயம் காய்ச்சி ஊற்றினான்.

"கனமா இல்லேன்னா டாங்கின்னு எவன் மாமா ஒத்துப்பான்?"

நான் ரயில் பட்டறையில் தச்சன். ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு பிரிவும் கையால் ஏதாவது ஒன்று செய்து வைப்பது எங்கள் வழக்கம். துரை சுற்றி வந்து பார்ப்பார். ஒருமுறை எங்கள் கொல்லன் ஒருவனின் தம்பி செய்த சின்னப் பாலம் பிடித்துப்போய், அவனை வேலைக்கே எடுத்துக்கொண்டார். டாங்கி விஷயம் கேள்விப்பட்ட மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார்.

"அத்த ஒரு கூட்ஸ் வாகன்லே ஏத்தி ஓட்டிக் காட்டுப்பா. துரை கண்ணுலே பட்டா உன் மச்சானை உள்ளே இஸ்துக்கலாம்."

வீட்டில் சொன்னதும் என் மனைவி கொல்லைப்பக்கம் போனாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து விளக்கேற்றினாள்.

சண்டையில் டாங்கியை ரயிலில் ஏற்றியதை மச்சினன் தரையில் கரியால் போட்டுக் காட்டினான். அவன் சொன்னபடி, சக்கரங்களுக்கு நடுவே தளத்தைத் தாழ்த்தி, தேக்குத் துண்டுகளில் வாகனைச் செய்தேன். சக்கரங்கள் காசளவுதான். டாங்கியை ஏற்றி, சங்கிலியால் இறுக்கிக் கட்டினான். கயிற்றைக் கட்டி இழுத்தால் ஆடாமல் ஓடியது.

பூஜையன்று மச்சினனையும் கூட்டிப்போயிருந்தேன். நீள மேஜையில் தண்டவாளம் போட்டிருந்தோம். ஒரு கோடியில் வாகன், மறு கோடியில் கயிற்றைச் சுற்றும் கைப்பிடி. மேஸ்திரி சூடம் காட்டினார். பிறகு, நிஜ வண்டிக்கு வைப்பதைப் போலவே, முன் சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு எலுமிச்சம்பழங்களை வைத்தார். பழம் சக்கரத்தைவிடப் பெரியது.

"மேஸ்திரி, பழம் வேணாமே. இது ஏறாது" என்றேன்.

"பூஜையிலே வேணாம்ன்றியே, நல்ல வார்த்தையே வராதா உன் வாயிலே?"

பின்னாலிருந்து ஒருவன், "ஜெர்மன்காரன் வெட்டுன பள்ளத்தையே தாண்டுன டாங்கி, எலுமிச்சம்பழத்துக்குப் பயப்படுதாம்பா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் துரை வந்துவிட்டார். மேளம் கொட்டியது. இன்னொரு முறை சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

மேஸ்திரி கைப்பிடியைச் சுற்றினார். வாகன் பழத்தில் முட்டி நின்றது. கயிறு விறைத்தது. அவர் இன்னும் பலமாகச் சுற்றினார். ஒரு பழம் உருண்டு விலக, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் இன்னொரு பழத்தின்மேல் ஏறியது. கையை நீட்டினேன். சங்கிலியோடு டாங்கியும் வாகனும் ஒன்றாகப் புரண்டு மேஜையிலிருந்து விழுந்தன.

துரை சிரித்தார். கூட வந்த குமாஸ்தாவும் சிரித்தார். இருவரும் அடுத்த பிரிவுக்குப் போய்விட்டார்கள்.

மச்சினன் கீழே குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கினான். "பரவால்ல மாமா. அங்கேயும் ஒண்ணு இப்டிதான் கவுந்துச்சு. நாளெல்லாம் நின்னு தூக்குனாங்கோ" என்றான்.

எப்படியோ துணிந்து மேஸ்திரியிடம் போனேன். "துரையைக் கூப்பிட்டு இன்னொரு தபா காட்டலாமா?"

"பூஜை முடிஞ்சிடுச்சே. அடுத்த வருசம் பாத்துக்கலாம். பொரி எடுத்துக்க."

இரண்டு கையிலும் பொரியை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் விடியும்போதே, எண்ணூர் உப்பளத்தில் ஆள் எடுக்கிறார்களாம் என்று மச்சினன் கிளம்பினான். அந்தக் கையோடு உப்பிலா என்று அவன் அக்கா வாசல்வரை ஓடினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். பட்டறைச் சங்கு ஊதியது. சட்டையை மாட்டிக்கொண்டு நானும் இறங்கினேன்.