முப்பத்தேழு அரிவாள்கள்

1944ஆம் ஆண்டு மே மாதம் ஒன்பதாம் தேதி, காலை பத்தேகால் மணி. கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த நான், தாலுகா கச்சேரி ஒன்றில் தாற்காலிகக் குமாஸ்தாவாக அமர்ந்து அன்று நான்காம் நாள். இனி விடுமுறைப் பணிக்குச் செல்லும் இலக்கிய மாணவியருக்காக இதனை எழுதுகிறேன்.

1. மனு

மனு கொடுத்தவள் ராக்காயி. சித்தன்னவாசல் பாறைக்குப் பின்னால் குடிசை போட்டிருக்கும் புதிய சாமிக் கூட்டம் அரிவாள் சேர்க்கிறது என்பதும், அவள் கணவர் சின்னய்யா தம் அரிவாளோடு அங்கே போய்விட்டார் என்பதும் மனுவின் சாரம். ஊர்க் கிடாவெட்டில் அரிவாள் பிடிப்பவர் சின்னய்யா. அவர் போனதால் அவ்வாண்டு கிடாவெட்டு நின்றுவிட்டது. ஊர் கொதித்துப்போயிருந்தது.

"அங்க உள்ள பொம்பளைங்க ஆம்பளை ஆபீசர் போனா வாயே தொறக்கிறதில்ல. நீங்க போயி மகஜர் எழுதிட்டு வாங்கம்மா. தலையாரி கூட வருவார். பயமா இருந்தா இப்பவே சொல்லிருங்க" என்றார் கச்சேரியின் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார்.

மகஜர் என்பது, கண்ணால் கண்டதை மட்டும் எழுதும் பதிவு. பயம் இருந்தது, அதைவிட, அவர்கள் யார் என்று அறியும் ஆவல் மிகுதியாக இருந்தது.

பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் தலையாரியோடு ஏறியதும், கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அருவாச் சாமிக் கூட்டத்துக்கா? சங்கிலிய உள்ள விட்டுக்கங்கம்மா. கழுத்தோட சேத்து எடுத்துருவாங்க."

"நீங்கள் பார்த்தீர்களா?"

"நான் பாக்கல. எங்க மச்சான் சொன்னாரு."

"அவர் பார்த்தாரா?"

"அவருக்கும் யாரோ சொன்னதுதான். என்ன, நீங்க வக்கீலுக்குப் படிக்கிறீங்களா?"

பஸ் முழுவதும் சிரித்தது. நான் சங்கிலியை உள்ளே விட்டுக்கொண்டேன்.

2. குழி

ஏழு குடிசைகள். தங்கள் கூட்டத்துக்கு அவர்கள் இன்னும் பெயரே வைத்திருக்கவில்லை. பாப்பு என்ற நடுவயதுப் பெண், நான் கேட்டவுடன் வேம்படியில் இருந்த பலகையை நகர்த்திக் குழியைக் காட்டினாள்.

"புதுசா வர்றவுக மொத நாளே இதுல போட்டுரணும். நல்லா எண்ணிக்கங்க தாயி."

எண்ணினேன். முப்பத்தேழு. ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்தேன். படிவத்தில் எண்ணிக்கை, நீளம், கூர்மை என்று மூன்று பத்திகள் இருந்தன. மூன்றையும் பிழையின்றி நிரப்பினேன்.

சின்னய்யா சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வேற ஒண்ணும் கேக்க வேணாமா?" என்றார்.

"படிவத்தில் இவ்வளவுதான்" என்றேன்.

3. தாழ்வாரம்

மாலை நான்கு மணிக்கு மகஜரைப் படித்த சிரஸ்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முப்பத்தேழா! நாளைக் காலையில பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் அங்க போறாரு. சின்னய்யாவை உள்ள வச்சுட்டா மத்தவங்க தானாக் கலைஞ்சுருவாங்க."

தாழ்வாரத்தில் காத்திருந்த ராக்காயி என் எதிரே வந்து நின்றாள்.

"எங்க வீட்டு அருவா அதுல இருந்துச்சா தாயி? கருங்காலிப் பிடி. மூணு பித்தளை வளையம். எங்க மாமனாரு கையால கடைஞ்சது."

"எதிலும் பிடி இல்லை" என்றேன். சொன்ன பிறகுதான் அதை எங்கும் எழுதவில்லை என்பது உறைத்தது.

"பிடி இல்லையா? பிடி இல்லாம அத வச்சு என்னத்த வெட்டுறது?"

அங்கே ஒரு குடிசை வாசலில் கஞ்சி காய்ந்துகொண்டிருந்த அடுப்பில் வழவழப்பான மரத்துண்டு ஒன்று எரிந்ததும் அப்போது நினைவுக்கு வந்தது. அதையும் சொன்னேன்.

"அடுப்புலயா! எங்க மாமனாரு பிடிய வச்சுக் கஞ்சி காச்சுனானா அந்த மனுசன்?" அவள் குரல் தாழ்வாரம் முழுவதும் கேட்டது. "அவனை நான் கேட்டுக்கிறேன். இதுக்குப் போலீசு எதுக்கு?"

நான் சிரஸ்தாரிடம் திரும்பிச் சென்று, அரிவாள் எதிலும் பிடி இல்லை என்றேன். அவர் பொறுமையாகவே கேட்டார்.

"பிடி போட ஒரு ஆசாரிக்கு அரை நாள் போதும்மா. கழட்டினது ஏன்னு தெரியாம நான் என்ன எழுதுறது? இன்ஸ்பெக்டர் போறதுக்குள்ள தெரிஞ்சா எழுதி அவர் கையிலயே குடுங்க."

அன்று கண்டக்டர் பொய் சொல்லவில்லை, கேட்டதைச் சொன்னார். ராக்காயியின் மனுவிலும் பொய் இல்லை. என் மகஜரில் ஓர் எண்கூடத் தவறில்லை. ஆயினும் மூன்றும் சேர்ந்து, யாரையும் தொடாத ஒருவரைச் சிறைவாசல்வரை கொண்டுவந்துவிட்டன. படிவம் கேட்காததையும் கண்டிருந்தால் எழுத வேண்டும். கண்டதற்குக் காரணம் கேட்க வேண்டும். நான் அந்த வேலையில் கற்றது இவ்வளவே.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ராக்காயியுடன் போய் இறங்கினேன். பிடிகள் எங்கே என்று பாப்புவிடம் கேட்டேன்.

"வந்தவுகளுக்கு மொதக் கஞ்சி அவுக பிடிய எரிச்சுத்தான் காச்சுவோம். திரும்ப எடுக்கணும்னு நெனப்பு வரக்கூடாதுல்ல? இத நேத்தே கேட்டிருக்கலாமே தாயி."

அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். பின் குழியருகே அமர்ந்து, நான்காவதாக ஒரு பத்திக்குக் கோடு போட்டு, தலைப்பில் 'பிடி' என்று எழுதி, அதன் கீழே முப்பத்தேழு முறை 'இல்லை' என்று எழுதினேன். பின்னால் ராக்காயி சின்னய்யாவைப் பித்தளை வளையங்களுக்குக் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் சைக்கிளை விட்டு இறங்கியதும் தாளை அவரிடம் கொடுத்தேன். குழியிலிருந்து ஓர் அரிவாளை எடுத்து நீட்டி, "ஐயா, இதை ஒரு தரம் பிடித்துப் பாருங்கள்" என்றேன்.