ஷட்டர் வைத்த டிவி

எண்பதுகளின் கடைசியில், எங்கள் திருச்சபையில் பாதிப் பேர் வாங்கி முடித்த பிறகு நானும் ஒரு டிவி வாங்கினேன். அதுவரை சினிமா என் வாசற்படி ஏறக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தவன். மகளுக்குப் பதின்மூன்று வயது. ஞாயிறு சாயங்காலம் ஆனால் எதிர்வீட்டு ஜன்னலோரம் போய் நின்றுவிடுவாள். தெருவில் நின்று பார்ப்பதற்கு என் கண் முன்னால் பார்க்கட்டும் என்று இறங்கி வந்தேன். ஆனால் ஷட்டர் வைத்த டிவிதான் வேண்டும் என்று கடையில் ஒற்றைக்காலில் நின்றேன். திரையின் இரண்டு பக்கமிருந்தும் இழுத்து மூடுகிற மரக்கதவு அது. மேற்குத் தாம்பரத்திலிருந்து சேலையூருக்கு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் அதை ஏற்றி வந்தவர் சிரித்தார்.

“இன்னா சார், அல்லாரும் பாக்கறதுக்கு டிவி வாங்குவாங்க. நீ மூடறதுக்கு வாங்கிகினு போறியே!”

போதகர் வந்து டிவியின் மேல் கைவைத்து ஜெபித்தார். மனைவி கேசரி கிளறினாள். அன்றே நான் சட்டம் போட்டேன். படம் ஓடலாம். பாட்டு வந்தால் கதவு மூடும், சத்தமும் சுத்தமாக அடங்கும்.

டிவிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வது மரியாதைக்கு, எனக்கு இருப்புக்கொள்ளாது. கதாநாயகி தோட்டத்தில் தனியாக நின்றாலே கை கதவுக்குப் போய்விடும்.

“என்னங்க, அது பாட்டு இல்ல. அவ அழுதுக்கிட்டு இருக்கா” என்பாள் மனைவி.

“அழுகை முடிஞ்சா பாட்டுதான் வரும், எனக்குத் தெரியும்” என்று எரிந்து விழுவேன்.

சிக்கல் மூடுவதில் இல்லை, திறப்பதில்தான். சத்தமும் இல்லாமல் பாட்டு முடிந்தது எப்படித் தெரியும்? கதவை ஒரு விரல் அளவுக்கு விலக்கி எட்டிப் பார்ப்பேன். முடிந்திருக்காது. மூடுவேன். மறுபடி விலக்குவேன். எங்கள் வீட்டில் மூன்று பேர்; எல்லாப் பாட்டையும் பார்த்தவன் நான் ஒருவன்தான். அப்போது அதைக் காவல் என்றே நினைத்தேன். ஆனால் திங்கட்கிழமை காலை ஆபீஸ் போகிற மின்சார ரயிலில், பல்லாவரம் தாண்டுவதற்குள் முந்தின நாள் பாட்டில் பார்த்த ஆட்டம் கண்ணுக்குள் வந்துவிடும். எரிச்சலில் பக்கத்தில் பேப்பர் விரித்திருப்பவரிடம் சண்டைக்குப் போவேன். அவர் என்ன செய்வார், பாவம்.

என் முறை சபைக்குள் பரவியது. ஷட்டர் இல்லாதவர்கள் டிவியின் மேல் துண்டைப் போட்டு மூடினார்கள். ஒரு வீட்டில் ஈரத்துண்டைப் போட்டு டிவியே கெட்டுப்போனதாகக் கேள்வி. கடைசியில், கண்ணைக் காத்துக்கொள்வது பற்றி வாலிபர் கூட்டத்தில் பேசச் சொல்லி என்னையே அழைத்தார் போதகர். எனக்குத் தலைகால் புரியவில்லை. முக்கால் மணி நேரம் முழங்கினேன். முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்தார்.

“சார், ஒரு டவுட். பாட்டு முடிஞ்சிடுச்சின்னு எப்படி சார் தெரிஞ்சுக்கறது?”

மூன்றாவது வரிசையில் என் மகள் இருந்தாள்.

“சத்தத்தை வெச்சுதான்” என்றேன்.

அவர் நன்றி சொல்லி உட்கார்ந்தார். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த வேதாகமத்தைப் பார்த்துக்கொண்டாள். சத்தத்தை நான் முழுவதும் அடக்கிவிடுவேன் என்று அந்த ஹாலில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு டிவி முன்னால் அவள் உட்காரவில்லை. சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். படம் ஆரம்பித்துவிட்டது என்று கூப்பிட்டேன்.

“நீங்க பாருங்கப்பா” என்றாள்.

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அதட்டி இருப்பேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. கேட்டதற்குப் பதில் சொன்னாள், தண்ணீர் கேட்டால் கொடுத்தாள். ஸ்கூலில் நடந்தது, தோழி சொன்னது என்று ஓயாமல் பேசுகிறவள், என்னிடம் எதையும் தானாகச் சொல்வதை நிறுத்திவிட்டாள். எனக்கு ராத்தூக்கம் போயிற்று. அவளுடைய அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

மறுமாத வாலிபர் கூட்டத்துக்கு அழைக்காமலே போனேன். மகளும் வந்திருந்தாள். எழுந்து நின்று, “போன தடவை நான் சொன்னது பொய். நான் எட்டிப் பார்ப்பேன். எல்லாப் பாட்டையும் பார்த்திருக்கிறேன்” என்றேன். யாரோ சிரித்தார்கள். பிறகு ஹால் முழுக்கச் சிரித்தது. காது சுட்டது. போதகர் அவசரமாக ஜெபத்தை ஆரம்பித்தார்.

வேளச்சேரி சாலையோரமாக வீட்டுக்கு நடந்தோம். பஸ் ஒன்று கடந்து போனதும் மகள் என் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, ஒண்ணு கேக்கவா? ஒரு படத்துல ஒருத்தன் ஒரு பொண்ணைத் துரத்திக்கிட்டே இருப்பான். அவ வேணாம்னு சொல்லுவா. பஸ் ஸ்டாப்புல எல்லார் எதிர்லயும் அவளை அறைவான். அப்புறம் அவளே அவனைக் கல்யாணம் பண்ணிக்குவா. அது சரியாப்பா? எனக்கு பயமா இருந்துச்சு. இப்பல்லாம் பஸ் ஸ்டாப்புல யாராவது பாத்தாலே அதுதான் ஞாபகம் வருது.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எதிர்வீட்டு ஜன்னல்தான் நினைவுக்கு வந்தது.

“இதை எல்லாம் எங்க போய் பாத்தே?”

“நம்ம வீட்லதான்பா. அந்த இடத்துல பாட்டு இல்லல்ல, அதனால நீங்க மூடல.”

கொஞ்ச தூரம் நடந்தோம்.

“அவன் அறைஞ்சப்போ நீங்க சிரிச்சீங்க” என்றாள்.