கேடயப் பவுண்

உள்ளங்கையில் வைத்தவுடன் சில்லென்றிருக்கும். சற்று நேரத்தில் உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டு, கையை விட்டுப் போக மனமில்லாததுபோல ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அலுமாரியைத் திறந்து துணியில் பரப்பிவைக்கும் "பவுண் காசு"களை நான் அப்படித்தான் அறிந்தேன். திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் வேலைபார்த்த அவர், வங்கியை நம்பாமல், மிச்சம் பிடித்ததையெல்லாம் இப்படிப் பொன்னாக்கி வைத்திருந்தார்.

அம்மாவுக்கு அவை ஆபத்துக்கு உதவும் தங்கம், அவ்வளவுதான். ஓடவேண்டி வந்தால் மடியில் முடிந்துகொண்டு ஓடலாம் என்பார். அப்பாவும் ஒத்துக்கொள்வார், ஒரு காசைத் தவிர. மற்றவற்றின் பின்புறத்தில் வாளோடு ஒரு குதிரைக்காரன் இருப்பான். அதில் மட்டும் இலைமாலை சூழ்ந்த ஒரு கேடயம், அதன்மேல் ஒரு மணிமுடி. அபூர்வமான அச்சு, சேகரிப்பவர்கள் நிறைக்குரிய விலையைப்போலப் பல மடங்கு கொடுப்பார்கள் என்று பிள்ளைகள் எங்களிடம் பெருமையடிப்பார், ஆனால் விற்கமாட்டார். "இதைத் தராசிலை போடக்கூடாது" என்பார். அதைப் பார்க்கும்போது மட்டும் அந்தக் கடுகடுத்த முகம் இளகிவிடும்.

அண்ணாவின் கல்யாணத்துக்குப் பொன்னுருக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு பவுண் காசை உருக்கித்தான் தாலி செய்யவேண்டும். அப்பா வாசலில் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருக்க, காசு எடுக்கப் போன அம்மா, நல்ல காரியத்தில் வாளும் வெட்டும் எதற்கு என்று, மாலையும் மணிமுடியுமாக மங்களமாய் இருந்த கேடயக் காசையே தட்டில் வைத்துவிட்டார். பத்தர் ஊதிய நெருப்பில் அது நெகிழத் தொடங்கியபோதுதான் அப்பா கண்டார். சுபநேரத்தில் தடுக்க முடியுமா? அது அப்பா விற்காமல் வைத்திருந்த காசு என்று பிறகு தெரிந்து அம்மா அழுதார். புதுப்பெண்ணின் காதுக்கு இந்தக் கதை போகக்கூடாது என்று எங்களிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

இப்போது நகைக்கடைகளில் தங்கக் காசைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகிறார்கள். விலை ஏறியதா என்று பார்க்கிறோமே தவிர, காசை எடுத்துப் பார்ப்பவர் யாருமில்லை. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. போன மாதம் அப்பாவின் திவசத்தன்று, இனி யாருக்காக மறைப்பது என்று அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாலியைத் தடவினார்.

"மாமா எப்பவும் என்ர கழுத்தையெல்லோ பாக்கிறவர். நான் அடகு வைச்சுப்போட்டனோ எண்டு சந்தேகப்படுறார் எண்டு நினைச்சனான். அந்தக் கோவத்திலை, அவர் வாற நேரமெல்லாம் சீலைத் தலைப்பை இழுத்து மூடிப்போடுவன்."