நிழல் கரையில் ஒரு வீடு

ஹேட்லி ஊரில் கொலெட் பிராண்ட்வோல்டுக்குத் தெரியாத முழங்கால் கிடையாது. கொலராடோ மலைகளுக்கு நடுவே பனிச்சறுக்குக்குப் பேர்போன அந்த ஊரின் மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போடுவது அவள் வேலை. காலையில் சிரித்துக்கொண்டே மலையேறிப் போனவர்கள் மதியம் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் முன்னால் படுத்திருப்பார்கள். இருபது வயதில், ஒரே ஒரு குளிர்காலம் சறுக்கிவிட்டுப் போகலாம் என்று வந்தவள். பனி உருகியது; அவள் போகவில்லை. சரிவுகளில் பனியைச் சீவிச் சமன்செய்யும் இயந்திரத்தை ஓட்டுகிற ரோரியைக் கட்டிக்கொண்டாள். டெஸ் பிறந்தாள். இத்தனை காலமும் யாரோ ஒருவர் வீட்டின் கீழ்த்தளத்தில்தான் அவர்கள் குடித்தனம் நடந்தது. சொந்தக்காரர் வீட்டை விற்பார், அவர்கள் பெட்டியைக் கட்டுவார்கள், இன்னொரு கீழ்த்தளத்தில் போய் இறக்குவார்கள்.

அந்த டிசம்பரிலும் அதுதான் நடந்தது. சிகாகோக்காரர் ஒருவர் வீட்டைக் கேட்கிறார், மே மாதத்துக்குள் காலி செய்துகொடுங்கள் என்று வீட்டுக்காரர் தொலைபேசியில் சொன்னார். கொலெட் சரி என்று தொலைபேசியை வைத்தாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவனிடம் போய் நின்றாள்.

"ரோரி, இன்னொரு வாடகை வீடு நான் பாக்க மாட்டேன். இந்த ஊர்லயே வாங்கறோம்."

"எத? உங்க ஆஸ்பத்திரியில வண்டி நிறுத்துற எடத்தையா?"

"சிரி. நல்லா சிரிச்சுக்கோ. அப்புறம் உக்காந்து பேசலாம்."

ரோரிக்கு வீடு என்றால் கூரை, குழாய், வண்டிக்கொட்டகை. கொலெட்டுக்கோ முதலில் தெரு வேண்டும். "கூரைய மாத்திக்கலாம். பக்கத்து வீட்டுக்காரங்கள மாத்த முடியுமா?" என்றாள். பளிச்சென்று வெயில் அடிக்கிற நாளில் எந்தத் தெருவும் அழகாகத்தான் இருக்கும். அதனால் பனி கொட்டுகிற நாளில்தான் போய்ப் பார்ப்பது என்று தீர்மானித்துக்கொண்டாள்.

வீட்டுத் தரகர் பிளைத் முதலில் கூட்டிப்போனது மலையடிவாரத்துக் குடியிருப்புக்கு. வாசலில் இறங்கினால் தொங்கு நாற்காலியில் ஏறி உச்சிக்குப் போய்விடலாம். சின்ன வீடுதான், ஆனால் சன்னல் முழுக்க மலை. மாதாமாதம் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகையைக் கேட்டு ரோரி இருமினான். கொலெட் பால்கனிக்குப் போய் எதிர்க் கட்டடத்தைப் பார்த்தாள். சாயங்காலம் கவிந்துகொண்டிருந்தது. மூன்று மாடியிலும் ஒரு சன்னலில்கூட வெளிச்சம் இல்லை. ஒரே ஒரு வீட்டின் பால்கனியில் மட்டும் வண்ண விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன.

"அந்த வீட்ல யாரு இருக்காங்க?" என்று கேட்டாள்.

"அது தானா எரியற விளக்கு. அவங்க மார்ச்ல வருவாங்க" என்றாள் பிளைத். "சத்தம் கித்தம் ஒண்ணும் இருக்காது. நிம்மதியா இருக்கலாம்."

"கல்லறையும் நிம்மதியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு கொலெட் பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.

ரோரியின் மனசு கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்தது. கார்னெட் என்ற ஊர். சமதரை, விலை பாதி, இரண்டு வண்டி நிற்கிற கொட்டகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டெஸ்ஸைப் பனிச்சறுக்குப் பயிற்சியில் விட்டுவிட்டு இருவரும் போனார்கள். வெளியே பனி தூறிக்கொண்டிருக்க, ரோரி அந்தக் கொட்டகைக்குள் நின்று, கருவிகளை எங்கே மாட்டலாம், பட்டறை மேசையை எங்கே போடலாம் என்று கையை வீசி வீசிக் காட்டினான். அவன் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்து நாளாயிற்று. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

திரும்பும் வழியில் கணவாயில் பனி சரிந்து சாலையை மூடிவிட்டது. வண்டிகளையெல்லாம் கார்னெட்டுக்கே திருப்பி விட்டார்கள். பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் மடக்குக் கட்டில்கள் போட்டு, பெரிய பானையில் சூப் வைத்தார்கள். ரோரியின் மேலாளர் தொலைபேசியில் கத்தினார். மறுநாள் காலை மருத்துவமனையில் கொலெட்டுக்கு மாற்றாள் இல்லை. டெஸ் மட்டும் குஷியாக இருந்தாள். "அம்மா, நான் கோச் வீட்ல இருக்கேன், பீட்சா சாப்பிடறோம், அவசரமே இல்ல, மெதுவா வாங்க."

பக்கத்துக் கட்டிலில் ஒரு குழாய்க்காரர் படுத்திருந்தார். கார்னெட்காரர்தானே, வீட்டுக்குப் போகாமல் ஏன் இங்கே என்று ரோரி விசாரித்தான்.

"நான் இருக்கறது இன்னும் நாப்பது மைல் தள்ளி. அந்த ரோட்டையும் மூடிட்டாங்க. அங்கருந்துதான் தெனமும் ஹேட்லிக்கு வேலைக்கு வர்றேன். போன மாசமும் இங்கதான் படுத்தேன். எனக்குன்னு ஒரு தலகாணியே எடுத்து வச்சிருக்காங்க, பாருங்க" என்றார் அவர், தலையணையைத் தட்டிக் காட்டியபடி.

ரோரி கூரையைப் பார்த்தபடி கிடந்தான். "அந்தக் கொட்டக ரொம்ப நல்லா இருந்துச்சு, கொலெட்" என்றான் கடைசியில்.

"தெரியும்ப்பா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் கார்னெட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை.

மிச்சம் இருந்தது ஆற்றுக்குத் தெற்கே, மலை நிழலில் கிடக்கும் தெரு. சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளிகளுக்குக் கட்டிய மரவீடுகள். நடுக் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் அங்கே வெயில் விழாது. ஊரில் அதற்கு ஐஸ்பெட்டி என்று பெயர். பிளைத் வரவே இல்லை. சொந்தக்காரர் வெளியே போயிருக்கிறார், சாவி வாசல் மிதியடிக்குக் கீழே இருக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

கொலெட் தனியாகப் போனாள். வண்டியைத் தெருவோரம் நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் பார்த்தாள். தாழ்ந்த கூரை, நல்ல அடுப்பு, சாய்ந்துபோன படிக்கட்டு. வெளியே வந்தால், பனி தள்ளும் வண்டி வந்து போயிருந்தது. அவளுடைய கார் பாதி புதைந்து கிடந்தது. திகைத்து நின்றவளைப் பார்த்து எதிர்வீட்டிலிருந்து ஒருவர் மண்வாரியோடு இறங்கி வந்தார். ஓட்டிஸ் புரூயிட், ஊர்ப் பேருந்து ஓட்டுநர்.

"எந்த ஊரும்மா நீ? இந்தப் பக்கமா வண்டிய நிறுத்துவாங்க? பலகை தெரியலையா?"

"பலகையும் பனிக்குள்ள இருக்கு."

"அது வாஸ்தவம்தான்" என்றவர், மண்வாரியை அவள் கையில் திணித்துவிட்டு, இன்னொன்று எடுக்க உள்ளே போனார். அதற்குள் பக்கத்து வீடுகளிலிருந்தும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பக்கமாக வெட்டினார்கள். ஒருத்தி நின்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீங்க ஆஸ்பத்திரிதானே? இந்த மணிக்கட்டு நீங்க கட்டினது! அரிச்சா பென்சில உள்ள விடாதேன்னு என்ன திட்டினீங்களே!"

"விட்டீங்களா?"

"விட்டேன்."

கார் வெளியே வந்தபோது தெருவில் எல்லாச் சன்னல்களிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் வெங்காயம் வதங்கும் வாசனை. அங்கேயே, இருக்கையில் உட்கார்ந்த உடனேயே, கொலெட் முடிவு செய்துவிட்டாள்.

முடிவு செய்தால் ஆயிற்றா? டல்லாஸ்காரர் ஒருவர் அவளைவிட அதிக விலை சொல்லியிருந்தார். வாங்கி, சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் யோசனை அவருக்கு. கொலெட் நகரசபைக்குப் போனாள். பள்ளத்தாக்கில் வேலை செய்கிறவர்கள் மட்டுமே குடியிருக்கலாம் என்று பத்திரத்தில் எழுதிக்கொடுத்தால், விலையில் ஒரு பங்கை நகரசபை போடும் திட்டம் ஒன்று இருந்தது. அதைச் சேர்த்தால் டல்லாஸ்காரர் சொன்ன விலையைக் கிட்டத்தட்ட எட்டிவிடலாம்; ஆனால் அந்த நிபந்தனை வீட்டை விட்டு என்றைக்கும் போகாது.

பிளைத் நல்லெண்ணத்தோடுதான் தடுத்தாள். "கொலெட், யோசிங்க. இதுக்கப்புறம் வெளியாளுக்கு விக்கவே முடியாது. மத்த வீட்டு வெலயெல்லாம் எங்கயோ போகும், உங்களுது அங்கயே நிக்கும்."

ரோரியும் தயங்கினான். "நாளைக்கு நமக்கு முடியாமப் போனா? விக்கணும்னா?"

"விக்கறதுக்கா வாங்கறோம்? இத்தன வருஷமா வித்தவங்களாலதானே நாம தெருத்தெருவா அலஞ்சோம்?"

வீட்டுச் சொந்தக்காரர் ஆன்செல்ம் புரோக்கோப், தொங்கு நாற்காலிகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மகனோடு போய் இருக்கப்போகிறார். கொலெட்டும் ரோரியும் அவரைப் பார்க்கப் போனபோது அவர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார்.

"எனக்கு நீயும் ஒண்ணுதான், டல்லாஸும் ஒண்ணுதான். ஆனா அவன் ஏப்ரல்லயே கிளம்புங்கறான். பையன் வீட்ல எனக்கு ரூம் கட்டி முடிக்க செப்டம்பர் ஆகும். அதுவரைக்கும் நான் எங்க போறது, ஓட்டல்லயா?"

"இங்கயே இருங்க" என்றாள் கொலெட். "செப்டம்பர் வரைக்கும் இது உங்க வீடு. நாங்க பின்னாடி தோட்டத்துல, கார்ல கட்டி இழுக்கற வண்டிவீடு ஒண்ணு போட்டு இருந்துக்கறோம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோரி திரும்பி அவளைப் பார்த்தான். அவனிடம் இதை அவள் சொல்லியிருக்கவே இல்லை.

"ஜூன்லகூட பனி விழும், தெரியும்ல?" என்றார் ஆன்செல்ம்.

"தெரியும். இருபத்துநாலு வருஷமா நானும் இங்கதான் இருக்கேன்."

அவர் ரோரியைப் பார்த்தார். ரோரி தலையைச் சொறிந்தான். "அவ சொன்னா சொன்னதுதான் சார். நான் அடுப்பு மாட்டிடறேன்" என்றான்.

டல்லாஸ்காரருக்கே கொடுங்கள் என்று ஆன்செல்மின் மகன் தொலைபேசியில் சத்தம் போட்டான். வீடு என்னுடையது என்று சொல்லி ஆன்செல்ம் வைத்துவிட்டார்.

கோடை முழுக்க மூன்று பேரும் ஓட்டை வண்டிவீட்டில் இருந்தார்கள். ஜூனில் இரண்டு தடவை பனி விழுந்தது. டெஸ் ஒரு மாதம் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. பிறகு பேருந்து ஓட்டுநரின் நாயோடு சிநேகமாகி, அவர் வீட்டிலேயே பாதி நாள் கிடந்தாள். ஆன்செல்ம் மாலைகளில் சன்னலைத் திறந்து ரோரிக்கு வீட்டின் வியாதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்: எந்தக் குழாய் உறையும், எந்தப் பலகை ஊறும். செப்டம்பரில் அவர் போனார். இவர்கள் உள்ளே வந்தார்கள்.

முதல் குளிர்காலம் லேசாக இருக்கவில்லை. நாள் முழுக்க நீல நிழல். மதிய உணவு நேரத்தில் கொலெட் பாலம் வரை நடந்துபோய், முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டு வருவாள். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று ஒரு நாள் அழவும் செய்தாள். மறுநாள் வண்ணக்கடைக்குப் போய், சமையலறைச் சுவருக்கு இருப்பதிலேயே பளீரென்ற மஞ்சள் வாங்கி வந்தாள். ரோரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு அடித்து முடித்தான்.

ஜனவரியில் ஒரு பெரிய பனிக்குப் பிறகு, கொலெட் வாசலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். ஓட்டிஸ் தன் வாசல் பனியை வாரி வாரி, தெருவுக்குப் பொதுவான குப்பைத்தொட்டிகளுக்கு முன்னால் மலையாகக் குவித்துக்கொண்டிருந்தார். தொட்டி மூடியைத் திறக்க வழியில்லை.

"அங்க கொட்டாதீங்க, ஓட்டிஸ்."

"இருபது வருஷமா இங்கதான் கொட்டறேன்."

"இருபது வருஷமா தப்பாக் கொட்டியிருக்கீங்க."

"ஆன்செல்ம் ஒரு வார்த்த சொன்னதில்ல."

"ஆன்செல்ம் போயாச்சு. நான் சொல்றேன்."

ஓட்டிஸ் மண்வாரியை ஊன்றி நின்றார். "இப்ப எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. இல்லன்னா உன்ன ஒரு கை பாத்திருப்பேன்."

"போயிட்டு வாங்க" என்றாள் கொலெட், மண்வாரியால் பனியை அள்ளிக்கொண்டே. "நான் எங்கயும் போகல. சாவகாசமா சண்ட போடலாம்."