நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன்

எனக்கு வாய் நீளம். தெற்கே கடற்கரைப் பக்கத்திலிருந்து கொல்லிமலைக்கு நர்ஸாக மாற்றலாகி வந்தபோது அம்மா சொன்னது ஒன்றுதான்: "மாத்திரையைக் குடு, வசவைக் குடுக்காத." மூன்று வருஷம் அது என் காதில் ஏறவே இல்லை.

செம்மேட்டிலிருந்து பஸ் போய் நிற்கும் இடத்துக்கு அப்பால், மண் ரோட்டில் முக்கால் மணி நேரம் நடந்தால் ஓர் ஊர். அங்கே ஒருத்திக்கு எட்டாவது மாதம், தலைச்சன் பிள்ளை. அன்று காலை பிரஷர் பார்த்தேன். நூற்று அறுபதுக்கு நூற்றுப் பத்து. வீங்கிய காலை விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. "கண்ணு முன்னால பூச்சி பறக்குதுங்க" என்றாள். முன்பு வேலை பார்த்த ஊரில் ஒருத்திக்கு இதே மாதிரி கால், இதே பேச்சு. அவளுக்கு வலிப்பு வந்தபோது அவள் தலை என் மடியில் இருந்தது. தாயும் தங்கவில்லை, பிள்ளையும் தங்கவில்லை.

இவளை அன்றே கீழே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கையிலிருந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டு அவள் புருஷனைத் தேடினேன். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், களத்தில் சாமை அடித்துக்கொண்டிருந்தார். விறுவிறுவென்று போய் அவர் முகத்துக்கு நேரே நின்றேன்.

"பொண்டாட்டி சாகக் கிடக்கா, நீ சாமை அடிக்கியா? அறிவிருக்கா உனக்கு?"

அவர் என் காலைப் பார்த்தார். சாணி மெழுகிய களத்தில், குவித்த சாமைக்குப் பக்கத்தில், செருப்போடு நின்றிருந்தேன். அந்த ஊரில் கலெக்டரே வந்தாலும் களத்துக்கு வெளியேதான் செருப்பை விட வேண்டும். அவர் கையிலிருந்த கோலைக் கீழே வைத்தார். "கீழ அனுப்பறதில்லீங்க. நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

நானும் கோபத்தில் கிளம்பிவிட்டேன். ஊர் எல்லை தாண்டியபோதுதான் பயம் பிடித்தது. என் பேச்சுக்காகவே அவர் அனுப்பாமல் இருந்து, அவளுக்கு வலிப்பு வந்துவிட்டால்? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு, சரி. அதற்கு அவள் ஏன் சாக வேண்டும்? பாறையில் உட்கார்ந்து ஜெபம் பண்ணப் பார்த்தேன். வார்த்தை வரவில்லை. போனில் டாக்டரிடம் சொல்லி ஜீப்பை அனுப்பச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

களத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்திலேயே நின்றேன்.

"அண்ணே, செருப்போட வந்தது தப்புங்க. பேசுனது அதைவிடத் தப்பு. ஏன் வேண்டாங்கிறீங்கன்னு சொல்லுங்க. நடுவுல பேச மாட்டேன்."

அவர் சிதறிய சாமையைக் கையால் கூட்டிக் குவித்துக்கொண்டே இருந்தார். வழக்கமாக அந்த நேரத்துக்குள் நான் நாலு பேருக்கான பேச்சைப் பேசியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குள் அவள் முனகுவது கேட்டது.

கடைசியில் சொன்னார். "எங்கக்காளையும் இப்பிடித்தானுங்க அவசரம் அவசரம்னு கொண்டு போனாங்க. வளைவுக்கு வளைவு தூக்கிப் போட்டுது. மூச்சு முட்டுது, நிறுத்துங்கன்னு அவ கத்துனா. ஒருத்தரும் நிறுத்தல. அடிவாரத்துல காரவள்ளி போய்ச் சேர்றதுக்குள்ள போயிட்டா. ஊட்டுல இருந்திருந்தா எங்க கையிலயாச்சும் போயிருப்பா."

எனக்கு வெட்கமாக இருந்தது. கல்நெஞ்சுக்காரர் என்று நான் நினைத்த மனுஷர் என்னைப்போலவே பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்.

"எனக்கும் அந்த வளைவுன்னா பயம்தாங்க. கண்ணை மூடிக்கிட்டுத்தான் பஸ்ஸுல வாரேன். ஆனா இங்கயே இருந்தா வலிப்பு வந்துருமோன்னு அதைவிடப் பயமா இருக்கு. ஒருத்தி என் மடியிலயே போயிட்டாண்ணே."

அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நிறுத்தச் சொன்னா நிறுத்துவீங்களா?"

"நிறுத்துவேன்."

"எங்க சொன்னாலும்?"

"எங்க சொன்னாலும்."

சாமையைச் சாக்கால் மூடிவிட்டு எழுந்தார்.

மொத்தம் எழுபது வளைவு. ஜீப்பில் அவள் தலை என் மடியில் இருந்தது. அவள் கண் சொருகுகிறதா என்று பார்த்தபடியே வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் அவர், "நிறுத்துங்க" என்றார். டிரைவர் என்னைப் பார்த்தார். அறிவிருக்கா என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. "நிறுத்துங்க" என்றேன்.

அவர் இறங்கி வந்து மனைவியின் பக்கம் குனிந்து, "மூச்சு முட்டுதா, சாமி?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். "போலாமுங்க" என்று ஏறிக்கொண்டார். காரவள்ளி போய்ச் சேர்வதற்குள் இன்னும் மூன்று தடவை அப்படி நிறுத்தினோம். மூன்று தடவையும் எனக்கு உயிர் போய் வந்தது.

ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை, கைக்குள் அடங்குகிற அளவு. தாய் பிழைத்துக்கொண்டாள்.

"நின்னு நின்னு போனதாலதானுங்க பொழைச்சா" என்று அவர் இன்றைக்கும் சொல்கிறார். "எனக்கென்னவோ ஆஸ்பத்திரியில போட்ட ஊசின்னுதான் தோணுதுங்க" என்று நானும் சொல்கிறேன். இருவரும் விட்டுக்கொடுப்பதில்லை. இப்போதெல்லாம் எனக்குக் களத்தோரத்தில் ஒரு சாக்கு விரித்துப் போடுகிறார்.

ஒன்றை மட்டும் அவரிடம் நான் சொன்னதில்லை. நின்ற அந்த நாலு இடத்தில் ஏதாவது ஒன்றில் அவளுக்கு வலிப்பு வந்திருந்தால், நிறுத்தியவள் நான்தான். நிறுத்துவேன் என்று சொல்லியிருக்காவிட்டால் அவள் ஜீப்பிலேயே ஏறியிருக்க மாட்டாள். இரண்டும் எனக்குத் தெரியும். அந்த ரோட்டில் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் போகிறேன்.