உப்புப் பக்கத்தை எழுதியவர் ஸ்டெல்லா அல்ல

திண்டிவனத்தில் ஒரு கட்டில் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் தம்பி ஃபோன் செய்தார். "சார், அக்கா போயிட்டாங்க" என்றார். எந்த அக்கா என்று கேட்டேன். அவருக்கு இருந்ததே ஒரு அக்காதான். காலையில் குளிக்கப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டாராம், ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டதாம். கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று, "வெப்சைட்ல படம் பெருசா வரணும் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன். பெருமுக்கல் தாண்டிய பிறகுதான் அழுகை வந்தது.

மரக்காணம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மாடியில் ஒரு சின்ன அறையில், நானும் ஸ்டெல்லாவும் ஏழு வருடம் எதிரெதிர் மேசைகளில் உட்கார்ந்திருந்தோம். சிறு வியாபாரிகளின் வெப்சைட்டுக்கு வேண்டியதை எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். இதைப் படிக்கிற உங்களில் பலருடைய கடைக்கும் அவர் எழுதியிருக்கிறார். அடக்கத்தன்று ஒருவர் என் காதோடு சொன்னார்: "நல்ல பொம்பளதான், அந்த உப்பு விஷயத்துலதான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது." அந்த விஷயத்தில் அவர் ஒன்றுமே பண்ணவில்லை. பண்ணியவன் நான். அதைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்து நாலு வரி எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

எங்கள் அறைக்கு வருவதற்கு முன் ஸ்டெல்லா இடையஞ்சாவடிப் பக்கம் ஒரு விடுதியில் பத்து வருடம் ரிசப்ஷனில் ஃபோன் எடுத்தவர். மனிதர்கள் முதலில் எதைக் கேட்பார்கள், எதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. ஒருமுறை கடற்கரை விடுதி ஒன்றுக்கு நான், "அலைகளின் தாலாட்டில் கண் மூடுங்கள்" என்று எழுதினேன். படித்துவிட்டுச் சிரித்தார். "கவிஞரே, இதப் படிச்சா அந்தச் சத்தத்துல தூக்கம் வருமான்னுதான் எனக்கு பயமா இருக்குது" என்றார். மறுநாள் முழுக்க அந்த விடுதியின் ஃபோன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வந்து, அவரே எழுதினார்: "மெயின் ரோட்டிலிருந்து நடந்து வர முடியாது. ஃபோன் செய்தால் ஆட்டோ அனுப்புகிறோம். எல்லா அறையிலும் கொசுவலை உண்டு. மீன் சமைத்துத் தருவோம். மது கிடையாது." விடுதிக்காரர் முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் அடுத்த சீசனில் நான் கேட்டபோது அறை காலி இல்லை என்று எனக்கே பதில் சொன்னார். எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

அவரிடம் இன்னொரு கறார் இருந்தது. போட் எஞ்சின் ரிப்பேர் செய்கிற ஒருவருக்கு எழுதி முடித்ததும், பட்டறைக்கே போய் உரக்கப் படித்துக் காட்டினார். "இருபது வருட அனுபவம்" என்ற இடத்தில் அந்த மனிதர் கீழே பார்த்தார். ஸ்டெல்லா அங்கேயே பேனாவால் அந்த வரியை அடித்தார். அண்ணனோடு சேர்ந்து நடத்திய வருடங்கள் அவை, இருவரும் பேச்சுவார்த்தை இல்லாமல் பிரிந்தவர்கள் என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. திரும்பி வரும் வழியில் என்னிடம் சொன்னார்: "யாரப் பத்தி எழுதுறோமோ அவங்களுக்குப் படிச்சுக் காட்டணும். மூஞ்சி மாறிச்சுன்னா எடுத்துடணும். ஏன்னு நோண்டக் கூடாது."

இனி உப்புக் கதைக்கு வருகிறேன். உப்பளத்தில் வேலை செய்கிற ஒன்பது பெண்கள் சேர்ந்து, வெந்நீரில் போட்டுக் கால் ஊறவைப்பதற்கான கல்லுப்பைப் பாக்கெட் போட்டு விற்கத் தொடங்கினார்கள். வேதவல்லி என்பவர் குழுவுக்குத் தலைவி. ஸ்டெல்லா எழுதிய பக்கத்தில் எத்தனை ஸ்பூன், தண்ணீர் எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம், காலில் புண் இருந்தால் வேண்டாம், இவ்வளவுதான் இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. "அவங்க வெயில்ல படுற பாட்ட எழுதலன்னா எவன் வாங்குவான்?" என்று கத்தினேன். அவர் நிதானமாக, "பாவம்னு வாங்குறவன் ஒரு வாட்டிதான் வாங்குவான், கவிஞரே. கால் வலி போச்சுன்னு வாங்குறவன்தான் திரும்ப வருவான்" என்றார்.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக அவர் புதுச்சேரி போனார். திரும்பி வர ஒரு மாதம் ஆயிற்று. அவர் போன முதல் வாரத்திலேயே நான் உப்பளத்துக்குப் போய் வேதவல்லியின் கால்களைப் படம் எடுத்தேன். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாளம் பாளமாக வெடித்த கால்கள். "கால எதுக்கு சார் புடிக்கிறீங்க?" என்று கேட்டார். "சும்மாதாம்மா, ஒரு ரெக்கார்டுக்கு" என்றேன். படத்தைப் பக்கத்தின் உச்சியில் போட்டு, கீழே அவர் பெயரையும் போட்டு, "உங்கள் பாதம் இளைப்பாற இவர் பாதம் வெடிக்கிறது" என்று எழுதினேன். நான் எழுதியதைப் படித்து எனக்கே கண் கலங்கியது. யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

பாராட்டு வந்தது, ஆர்டரும் வந்தது. கூடவே வேதவல்லி பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. பாக்கெட் போடுகிற கொட்டகையில், மற்ற எட்டுப் பெண்களும் சுற்றி நிற்க, ஆசையாகப் பிரித்தார். உள்ளே யாரோ போட்டுத் தேய்ந்த செருப்பு. கட்டைவிரல் பதிந்த பள்ளம் கூட அப்படியே இருந்தது. அன்பாக ஒரு கடிதமும் இருந்தது. அந்த வாரத்துக்குள் அதே மாதிரி இன்னும் இரண்டு பார்சல். அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். நாலு பேர் பார்க்கத் தன் பெயருக்குப் பழைய செருப்பு வந்த பெண்ணிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியுமா? வேதவல்லி எழுந்து போனார். அதற்குப் பிறகு குழுவுக்கு வரவே இல்லை. கூலிக்கு உப்பு வாருவதோடு நின்றுவிட்டார்.

ஸ்டெல்லா திரும்பி வந்து, பையைக் கூட இறக்கி வைக்காமல் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் போய்ப் பேசிட்டு வர்றேன். நீங்க வர வேணாம்" என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. சாயங்காலம் வந்து, "சொல்லிட்டேன்" என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இரண்டு வருடம் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே எனக்கு வசதியாக இருந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது, கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே வேதவல்லி தனியாக நின்றிருந்தார். உள்ளே வந்திருக்கலாமே என்றேன்.

"எந்த மூஞ்ச வச்சிக்கினு சார் வர்றது? அந்தம்மா எங்க வீட்டாண்ட வந்து, அத எழுதினது நான்தான், படம் புடிக்க அவர அனுப்பினதும் நான்தான்னு சொன்னாங்க. மூணு வாட்டி வந்தாங்க. நான் பேசவே இல்ல. இப்ப ஆளே இல்ல."

நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் யாரோ என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அன்று என்னைப் போல ஒரு கோழை அந்தத் தோட்டத்தில் இல்லை.

ஸ்டெல்லா ஏன் அப்படிச் செய்தார்? நட்பு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நான் போய் நின்றால் விளக்கம் பேசியே வேதவல்லியை இன்னும் நோகடிப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். என்னை அவ்வளவு சரியாகப் படித்தவர் வேறு யாருமில்லை.

நாலாம் நாள் வேதவல்லி வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். படம், வரி, பெயர் எல்லாம் என் வேலை, ஸ்டெல்லாவுக்கு எதுவும் தெரியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். கையிலிருந்த ஈரப் புடவையைக் கொடியில் போட்டு, இழுத்து இழுத்துச் சுருக்கம் எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மொட்ட வெயில்ல வந்தாங்க சார் அவங்க. ஒரு சொம்பு தண்ணி நான் குடுக்கல. நீங்க தெனம் இந்த ரோட்டுலதான போய்க்கினு இருந்தீங்க?"

ஆமாம் என்றேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஸ்டெல்லாவின் மேசை, நோட்டுகள் எல்லாவற்றையும் அவர் தம்பி எடுத்துப் போய்விட்டார். நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் பெயரில் இரண்டு வருடம் இருந்த அந்தப் பழியை மட்டும்தான். அவரைத் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: அந்த உப்புப் பக்கத்தைப் பற்றி இனி எங்காவது பேச்சு வந்தால், என் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.