அனுமதிக்குக் காத்திருந்த ஆம்புலன்ஸ்

பேரூர் உறையும் பெருமானே, என் சொல்லுக்குத் துணை நிற்பாய். இன்று சோமவாரப் பிரதோஷம்.

கோவையில் ஒரு மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் மேசையில் ஒரு பெண்மணியைக் கண்டேன். நரை ஓடிய தலை, கயிற்றில் தொங்கும் கண்ணாடி. கணினியில் ஒவ்வொரு படியையும் முடிக்கும்போது, "நகருங்க சாமி" என்று முணுமுணுப்பார்.

என் தம்பி பிழைக்க மாட்டான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வெள்ளகோவிலில் தன் வீட்டிலேயே உயிர் பிரியவேண்டும் என்பது அவன் ஆசை. ஆக்சிஜனோடு ஆம்புலன்ஸ் வாசலில் காத்து நின்றது.

"ஏனுங்க அம்மணி, இன்னும் என்னங்க தடை?"

"ஃபைலு வார்டு, பார்மசி எல்லாம் தாண்டி வந்துருச்சுங்க ஐயா. ஆனா நோயாளி ஒடம்புல ஆக்சிஜன் அளவு கொறைஞ்சிருந்தா பெரிய டாக்டர் சம்மதிக்கோணும்னு கம்ப்யூட்டர்ல விதிமுறை இருக்குதுங்க. அவரு ஆபரேஷன்ல இருக்காருங்க. வேலைய நகர்த்தறது நானுங்க. எந்தப் பக்கம் போகோணும்னு சொல்றது அதுங்க."

"சாகறதுக்கு ஊட்டுக்குப் போறவனுக்கும் அதேதானுங்களா?"

"பொழைக்க வேண்டியவங்களக் காப்பாத்த எழுதுனதுங்க. இப்படிப் போறவங்களுக்குத் தனியா ஒரு வரி சேருங்கன்னு மேல பலதடவ சொல்லிப்போட்டேனுங்க."

சம்மதம் வருமுன் தம்பி அங்கேயே கண்மூடினான். உடனே கணினி, இறந்தவர்களை அனுப்பும் வேறொரு வழியைத் திறந்தது. எல்லா அனுமதிகளும் தடையின்றி வந்தன. அந்தப் பெண்மணி எழுந்து கைகூப்பினார்.

"உங்க தம்பியச் சொல்லி மேல இன்னொருக்காக் கேக்கறேனுங்க ஐயா."

அந்த வரி சேர்ந்ததா என்று நான் அறியேன். இதைப் படிக்கும் அனைவரும் தம் மக்கள் சூழத் தம் இல்லத்தில் நெடிது வாழ ஈசன் அருள்க.